பின் டயர் பருத்தால் பிடிப்பு கூடுமா?

ஏற்காட்டிலிருந்து வாரம் இருமுறை சேலத்துக்கு இறங்கி வரும் என் மைத்துனன், தன் 100 சிசி பைக்கின் பின் சக்கரத்தில் பருத்த டயர் ஒன்றை மாட்டிக்கொண்டு போன மாதம் வாசலில் வந்து நின்றான். பழையது 80/100-18. புதியது 100/90-18. "இனி மழையில் வளைவில் வழுக்காது மாமா" என்றான். அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே 20 கொண்டை ஊசி வளைவுகள். அவனுடைய ஆசையில் தப்பில்லை.

அந்த எண்களைப் படிப்பது எளிது. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. மூன்றாவது, ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 18 அங்குலம் என்றால் 457 மி.மீ. பழைய டயரில் மேலும் கீழும் 80 மி.மீ. சேர, மொத்த விட்டம் 617. புதியதில் 90 மி.மீ. வீதம் சேர்ந்து 637. சக்கரம் மூன்று சதவீதம் பெருத்துவிட்டது.

மூன்று சதவீதம் சமவெளியில் தெரியாது. ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கும் சேலத்திலிருந்து 1,500 மீட்டருக்கு ஏறும்போது தெரியும். என்ஜின் தரும் முறுக்கு விசை அதேதான். சக்கரத்தின் ஆரம் கூடினால் தரையைத் தள்ளும் விசை குறையும். முன்பு 100 பங்கு தள்ளியது இப்போது 97 பங்குதான் தள்ளும். செயின் சுற்றும் பின் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் 42 பற்கள் இருந்தால், அதில் ஒரு பல்லுக்கு மேல் குறைத்து மாட்டியதற்குச் சமம். இரண்டாம் கியரில் ஏறிய வளைவில் இப்போது முதல் கியர் கேட்கிறது என்று அவனே சொன்னான். ஆனால் பழியைக் கார்புரேட்டர் மேல் போட்டான். இறங்கும்போதும் இதே கணக்குதான். என்ஜின் பிடித்து இழுப்பதும் பின் பிரேக் பிடிப்பதும் அதே மூன்று பங்கு குறைகின்றன.

சரி, பிடிப்பாவது கூடியதா? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். வண்டியைத் தாங்குவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்று. 32 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று அடித்தால் ஒரு சதுர சென்டிமீட்டர் சுமார் 2.25 கிலோவைத் தாங்கும். பின் சக்கரத்தின் மேல் 130 கிலோ இருந்தால், தரையைத் தொடும் பரப்பு 58 சதுர சென்டிமீட்டருக்குப் பக்கம். ஒரு சீட்டுக்கட்டுச் சீட்டின் அளவு, அவ்வளவுதான். டயரை அகலமாக்கினால் அந்தச் சீட்டின் வடிவம்தான் மாற வேண்டும். பரப்பு பெரிதாக மாறாது.

அதையும் சோதித்துப் பார்த்தோம். வண்டியை ஸ்டாண்டில் போட்டு, பின் டயரில் ஈரச் சுண்ணாம்பு தடவி, அடியில் கறுப்பு அட்டை வைத்து மெல்ல இறக்கினோம். பிறகு பழைய டயரை மாட்டி அதே வேலை. இரண்டு அட்டைகளிலும் வேப்பங்கொட்டை வடிவில் ஒரு தடம். புதியது கொஞ்சமாவது அகலமாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை.

காரணம் ரிம். பல 100 சிசி வண்டிகளின் பின் ரிம் 1.6 அல்லது 1.85 அங்குல அகலம்தான். 100/90 டயருக்குப் பொதுவாக 2.15 அங்குலமாவது வேண்டும். குறுகிய ரிம்மில் மாட்டினால் டயரின் இரு விளிம்புகளும் நெருக்கப்படுகின்றன, நடு முதுகு கூம்புகிறது. நிமிர்ந்து போகும்போது அந்த முதுகு மட்டும் தரையில் உருளும். சாய்த்தால் வண்டி சட்டென்று விழுவதுபோலத் திரும்பும். பக்கச்சுவருக்கு அடியில் சரியான தாங்கல் இல்லாததால் வளைவின் நடுவில் லேசாக நெளியும். போதாக்குறைக்கு, அதே வளைவை அதே வேகத்தில் கடக்க அகல டயருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சாய வேண்டும், ஏனென்றால் தொடும் இடம் நடுக்கோட்டிலிருந்து விலகிப் போகிறது. செயின் கவரில் உரசுவது வேறு கதை.

அகலம் வேண்டும் என்றால் 90/90-18 இருக்கிறது. விட்டம் 619, இரண்டு மி.மீ.தான் வித்தியாசம், ஆனாலும் ரிம்முக்குப் பொருந்துமா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். காப்பி மூட்டை ஏற்றுபவர்கள் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் சுமை எண்ணையும் பார்க்க வேண்டும்: 47 என்றால் 175 கிலோ, 54 என்றால் 212 கிலோ.

பழைய டயரைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தபோது அதன் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் கண்ணில் பட்டன: 1116. அதாவது 2016ஆம் ஆண்டின் 11ஆவது வாரத்தில் செய்தது. பட்டன்கள் இன்னும் உயரமாகத்தான் இருந்தன, அதனால்தான் மாற்றத் தோன்றவில்லை என்றான். நகத்தால் அழுத்திப் பார்த்தேன். ரப்பர் கொட்டாங்கச்சிபோல் இருந்தது, நகம் பதியவே இல்லை.