இழப்பிலாச் சுருக்கம்: இதில் தரம் எங்கே வந்தது?

‘குறைந்த இழப்பு ஒலி’ என்ற தொடரை முதன்முதலாக ஒரு மியூசிக் பிளேயர் மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் பார்த்தேன். தமிழுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறதே என்ற மகிழ்ச்சியில் மாற்றிவைத்த பாவம். சுருக்கிவைத்தாலும் எதுவும் போகாமல் திரும்பக் கிடைக்கும் என்பதைச் சொல்லும் ‘லாஸ்லெஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் அப்படிப் பெயர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள மறுபடியும் ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. எந்திரம் செய்த பிழை என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு ஹெட்போன் அட்டைப்பெட்டியில் ‘நட்டமற்ற இசை’. பிறகு ஒரு விளக்கக் காணொளியில் ‘பழுதற்ற ஆடியோ’. கடைசியாக, போன மாதம் என் மாமா வாங்கிவந்த பென் டிரைவின் மேல் ‘தரம் குறையாத பாடல்கள்’. நான்கில் எது மோசம் என்று கேட்டால், பார்த்ததும் சிரிப்பு மூட்டும் முதல் இரண்டையும் சொல்ல மாட்டேன். நல்ல தமிழ்போலத் தெரிகிற கடைசிதான் மோசம்.

சொல்லின் பிறப்பை விரைவாகப் பார்த்துவிடலாம். ‘லாஸ்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் அழிவு என்று பொருள். இழப்பு என்ற பொருள் பின்னால் வந்தது. அதோடு ஒட்டி வரும் ‘லெஸ்’, குறைவைக் குறிக்கும் ‘லெஸ்’ அன்று. எழுத்து ஒன்றானாலும் பிறப்பு வேறு. ‘இல்லாத’ என்று பொருள் தந்த வேறொரு பழஞ்சொல்லிலிருந்து வந்த ஒட்டு அது. ‘ஹோம்லெஸ்’ என்றால் சின்ன வீட்டில் குடியிருப்பவர் என்றா பெயர்ப்போம்? மின்பொறியாளர்கள் கம்பியில் மின்னாற்றல் வெப்பமாக வீணாவதை ‘லாஸ்’ என்றார்கள். துளியும் வீணாகாத கற்பனைக் கம்பியை ‘லாஸ்லெஸ்’ என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள். கணினியில் தரவைச் சுருக்குகிறவர்களிடமும் அதே சொல் புழங்கியது. பிறப்புக் கதை அவ்வளவுதான்.

இனிப் பொருள். 100, 104, 108, 113, 117 என்று ஐந்து எண்கள். ஒலிப்பதிவு என்பது கணினிக்கு இப்படிப்பட்ட நீண்ட எண்வரிசைதான், சி.டி.யில் இடம், வலம் ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு 44,100 எண்கள். ஐந்தையும் முழுதாக எழுதுவதற்குப் பதிலாக, முதல் எண் 100, பிறகு கூட்ட வேண்டியவை 4, 4, 5, 4 என்று எழுதிவைக்கலாம். இடம் மிச்சம். கூட்டிக்கொண்டே போனால் பழைய ஐந்தும் அச்சு மாறாமல் திரும்பக் கிடைக்கும். இது லாஸ்லெஸ். இன்னொருவர் ஒவ்வோர் எண்ணையும் பக்கத்திலுள்ள ஐந்தின் மடங்காக்கி 100, 105, 110, 115, 115 என்று எழுதிக்கொள்கிறார். அவருக்கும் வசதிதான், ஆனால் அந்த 113-ஐ இனி யாராலும் மீட்க முடியாது. இது லாஸி.

ஜோஷ் கோல்சன் உருவாக்கி, 2001-இல் முதல் நிலையான பதிப்பாக வெளிவந்த ஃபிளாக் என்ற ஒலிக்கோப்பு வடிவம், முதலாமவர் செய்ததையே நுட்பமாகச் செய்கிறது: முந்தைய எண்களைக் கொண்டு அடுத்த எண்ணை ஊகித்து, ஊகம் தவறிய அளவை மட்டும் எழுதிவைக்கிறது. ஆப்பிள் 2004-இல் கொண்டுவந்த ஏ.எல்.ஏ.சி. அதன் பங்காளி. ஐந்து நிமிடப் பாட்டு சி.டி.யில் ஏறத்தாழ 53 மெகாபைட் என்றால், ஃபிளாக்கில் பெரும்பாலும் அதில் பாதிக்குச் சற்று மேலே நிற்கும். லாஸி வகையைச் சேர்ந்த எம்பி3-இல், நொடிக்கு 128 கிலோபிட் அளவில் வைத்தால், 5 மெகாபைட்கூட வராது.

இவ்வளவு சொன்னதில் எண்கள் இனிமையானவையா, காதைக் கிழிப்பவையா என்ற பேச்சே எழவில்லை. குறட்டையைப் பதிவுசெய்து ஃபிளாக்காக்கினாலும் அது லாஸ்லெஸ்தான். கட்டியதை அவிழ்த்தால் கட்டும்போது இருந்தது அப்படியே இருக்கும் என்ற உறுதிமொழிதான் இந்தச் சொல். உள்ளே கட்டிவைத்தது பட்டா கந்தலா என்பது இதன் கவலையே இல்லை.

மாமாவின் பென் டிரைவுக்கு வருகிறேன். 72 வயது, பழைய பாடல்களில் பெரும் பித்து. ஒரு கடையில் 64 ஜிபி பென் டிரைவ் நிறையப் பாடல்கள் ஏற்றி வாங்கியிருக்கிறார். வீட்டிலிருக்கும் பழைய பிளேயரில் ஒன்றுகூடப் பாடவில்லை என்று என்னைக் கூப்பிட்டார். அது எளிய சிக்கல்: அந்தப் பிளேயருக்கு ஃபிளாக் தெரியாது. மடிக்கணினியில் செருகி ஃபூபார்2000 என்ற பிளேயர் மென்பொருளில் திறந்தேன், எல்லாம் பாடின. ஆனால் ஏதோ உறுத்தியது. சிம்பல்ஸ் ஒலி கண்ணாடித் தூள்போலச் சிதறியது. அலைவெண் வரைபடம் காட்டும் மென்பொருளில் ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தால், 16,000 ஹெர்ட்ஸில் கத்தியால் நறுக்கியதுபோல் ஒரு கோடு. அதற்கு மேல் வெறும் கறுப்பு. அடுத்த பாட்டும் அப்படியே, அதற்கடுத்ததும். பழைய ஒலிப்பதிவுகளில் உச்ச ஒலிகள் குறைந்திருப்பது இயல்பு. ஆனால் அவை படிப்படியாகத் தேய்ந்து மறையும். ஒலிநாடாவின் இரைச்சலாவது மேலே தூசிபோலப் படர்ந்திருக்கும். வெவ்வேறு காலத்துப் பாடல்களில் இரைச்சல்கூட ஒரே கோட்டில் வந்து நிற்கிறது என்றால், அது 128 கிலோபிட் எம்பி3 விட்டுச்சென்ற தழும்பு. எம்பி3-ஐ ஃபிளாக்காக மாற்றி ஏற்றியிருக்கிறார்கள். கோப்பு பல மடங்கு ஊதியது. போன ஒலி போனதுதான்.

“தரம் குறையாதது என்றுதானே போட்டிருக்கிறது, மாப்பிள்ளை?” என்றார் மாமா.

“பொய் இல்லை மாமா. எம்பி3-இல் என்ன தரம் இருந்ததோ, அது கொஞ்சமும் குறையாமல் இருக்கிறது.”

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “இந்த வயதில் அந்த 16,000-க்கு மேல் எனக்கு எதுவும் கேட்காது. அது வேறு. இல்லாததை இருப்பதாகச் சொல்லி விற்பது வேறு” என்றார்.

கடைக்காரரையும் முழுதாகக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘தரம் குறையாத வடிவம்’ என்று தமிழில் படித்த ஒருவர், அந்த வடிவத்துக்கு மாற்றினால் தரம் வந்துவிடும் என்று நம்புவதில் என்ன வியப்பு? சொல்லே அப்படித்தானே கற்றுக்கொடுக்கிறது? மொழிபெயர்ப்பு செய்யும் நண்பர் ஒருவர் இந்த இடத்தில் என்னோடு சண்டைக்கு வருவார். “இழப்பு என்றால் எதன் இழப்பு என்று வாசகர் கேட்பார். தரமிழப்பு என்று போட்டால் தெளிவு” என்பது அவர் வாதம். எதன் இழப்பு என்ற கேள்வி நியாயமானது, விடைதான் தவறு. இழப்பது தகவலை. தகவல் போனால் தரம் போகலாம், போகாமலும் இருக்கலாம். 320 கிலோபிட்டில் நன்றாகச் செய்த எம்பி3-ஐயும் அதன் மூல சி.டி.யையும் எது எதுவென்று சொல்லாமல் போட்டுக் காட்டினால் பெரும்பாலோர் தடுமாறுவார்கள். அங்கே இழப்பு உண்டு, கேட்பவருக்குத் தரக்குறைவு இல்லை. மாமாவின் பென் டிரைவில் கடைசியாக நடந்த மாற்றத்தில் இழப்பு எதுவும் இல்லை, தரமும் இல்லை. இரண்டும் தனித்தனியே நடமாடுகிற பண்புகள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? வாசகருக்கு விளங்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே தவறான ஒன்றை விளங்கவைப்பதுதான் இன்றைய மொழிபெயர்ப்பில் பாதி. மூலத்தில் இல்லாத ஒரு சொல்லைத் தாராளமாகச் சேர்த்துவிட்டு, அதற்கு எளிமை என்று பெயரும் வைத்துவிடுகிறார்கள்.

‘பழுதற்ற’ என்பதும் இதே குடும்பத்து நோய்தான். அதை நம்பிய இன்னோர் உறவினர், ஃபிளாக் கோப்பு கெடவே கெடாது என்று நினைத்து ஒரே ஒரு பழைய வன்தட்டில் எல்லாவற்றையும் வைத்திருந்தார். தட்டு தேய்ந்தது, பாட்டின் நடுவே ‘டக்’கென்று ஒரு வெட்டு. ஃபிளாக் ஒலியைச் சிறு சிறு சட்டங்களாக வெட்டி அடுக்குகிறது. வழக்கமாக ஒரு சட்டத்தில் இடம், வலம் ஒவ்வொன்றுக்கும் 4,096 எண்கள், அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு சட்டத்தின் முடிவிலும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. அது ஒத்துவராவிட்டால் பிளேயர் அந்தச் சட்டத்தை விட்டுத் தாண்டும். அதுதான் அந்த வெட்டு. கோப்பின் தலைப்பகுதியில், முழுப் பாட்டின் எண்களையும் வைத்துக் கணக்கிட்ட, எம்.டி.5 எனப்படும் கைரேகை ஒன்றும் இருக்கும். கோப்பை முழுதாக விரித்துப் பார்த்து, கைரேகை பொருந்துகிறதா என்று சோதிக்கும் வசதி ஃபிளாக்கின் சொந்தக் கருவியிலேயே இருக்கிறது. பொருந்தினால் கட்டியது கட்டியபடி இருக்கிறது. மாமாவின் பாடல்கள் அத்தனையும் இந்தச் சோதனையில் தேறின என்பதையும் சொல்லிவிட வேண்டும். கைரேகைக்கும் தரம் தெரியாது.

‘நட்டமற்ற’ பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. நஷ்டம் என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். கல்லாப்பெட்டியில் அமர்ந்து பழகிய சொல். தமிழில் நட்டம் என்பதற்கு நடனம் என்றும் பொருள் உண்டு. நள்ளிருளில் நட்டம் பயின்றாடும் நாதனைத் திருவாசகம் பாடுகிறது. ‘நட்டமற்ற இசை’ என்றால் ஆட்டமில்லாத பாட்டு என்று எடுத்துக்கொள்ளலாம். மின்வாரியக் கணக்கிலேயே ‘மின் இழப்பு’ என்று நல்ல சொல் புழங்கும்போது வணிகத்திடம் கடன் வாங்குவது ஏன்?

ஆக, முதல் பகுதி இழப்பு. இழவு என்று சுருக்கிவிடாதீர்கள்; ஒரே வேர்தான் என்றாலும் அந்தச் சொல் சங்கு ஊதப் போய்விட்டது. அடுத்து, ‘அற்ற’வா ‘இலா’வா? அற்ற என்பது அறு என்ற வினையின் இறந்தகாலம். இருந்தது அறுந்து போயிற்று என்ற சாயல் அதில் உண்டு. இங்கே இழப்பு ஒருபோதும் இருந்ததில்லை. அதனால் எனக்கு ‘இழப்பிலா’தான் பிடிக்கும். ஆனால் குறளின் ‘பற்றற்றான்’ இறைவனையே குறிக்கிறது. அவனுக்குப் பற்று முன்பு இருந்து பின்பு அற்றதா என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. ‘இழப்பற்ற’ என்று எழுதுகிறவர்களோடு எனக்குப் பகை இல்லை.

பகை இருப்பது அதை எதன் முன் வைக்கிறார்கள் என்பதில். ‘இழப்பற்ற ஒலி’ என்பது அரைகுறை. இழப்பில்லாதது ஒலி அன்று, சுருக்கியதில்தான் இழப்பில்லை. பிளேயரில் ‘இழப்பற்ற ஒலி’ என்ற பொத்தானை இயக்கிவிட்டு, சாதாரண புளூடூத் ஹெட்போனில் கேட்கிறவர்கள் எத்தனை பேர்! புளூடூத்தில் பரவலாக இருக்கும் எஸ்.பி.சி., ஏ.ஏ.சி. என்ற சுருக்கும் முறைகள் இரண்டுமே லாஸி. கோப்பில் காத்தது காற்றில் போகிறது. பொத்தான் மட்டும் பச்சையாக எரிகிறது.

சுருக்கும் செயலுக்கு ‘அமுக்கம்’ என்ற பெயரும் உலவுகிறது. இலங்கைத் தமிழில் அமுக்கம் என்றால் தமிழகத்து அழுத்தம்; வானிலைச் செய்தியில் தாழமுக்கம் கேட்டவர்கள் கோப்பிலும் மழை பெய்யுமோ என்று நினைப்பார்கள். தவிர, ஒலிப்பதிவுக் கூடத்தில் கம்ப்ரெஸர் என்று ஒரு கருவி இருக்கிறது. அது உரத்த ஒலியை அமுக்கி மெல்லிய ஒலியோடு இடைவெளியைக் குறைப்பது. அமுக்கம் என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். ‘சுருக்கம்’ என்றால் கதைச்சுருக்கம் நினைவுக்கு வருகிறது, அதில் இழப்பு இயல்பாயிற்றே என்று நண்பர் மடக்குவார். கதைச்சுருக்கத்தை ஏன் நினைக்க வேண்டும்? பாட்டியின் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை நினைக்கலாமே. கயிற்றை இழுத்தால் கையடக்கமாகிவிடும்; அவிழ்த்தால் வெற்றிலை, கொட்டைப்பாக்கு, நாலணா எல்லாம் போட்டபடியே இருக்கும். குடையைச் சுருக்கினால் கம்பி ஒன்று குறைவதில்லை. தமிழின் சுருக்கு என்ற வினைக்கு விரிதல் உடன்பிறப்பு. இழப்பிலாச் சுருக்கம் என்பதே என் தேர்வு.

‘லாஸி’க்கு? ‘இழப்புறு சுருக்கம்’ என்று எழுதிவருகிறேன், அரை மனதோடு. எம்பி3 ஒலியை இழப்பதில்லை. உரத்த ஒலியின் நிழலில் மெல்லிய ஒலி காதுக்கு எட்டாது என்று கணக்கிட்டு, தெரிந்தேதான் கழிக்கிறது. முடிதிருத்தகத்திலிருந்து வருபவரைப் பார்த்து முடியை இழந்தார் என்று யாரும் சொல்வதில்லை. ‘கழிப்புச் சுருக்கம்’ என்றால் செயலுக்கு நேர்மையான பெயர். ஆனால் நம் ஊரில் கழிப்பு என்ற சொல்லை எந்தக் கதவின் மேல் எழுதிவைத்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நண்பரிடம் சொன்னேன். இந்த ஒன்றில் மட்டும் நாங்கள் சண்டையிடவில்லை.