மெஷ் சைஸ்: வலைக்கண் அளவு

வலையில் முடிச்சுகளுக்கு நடுவே உள்ள ஓட்டைதான் மெஷ். டச்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்திருக்கலாம் என்கிறார்கள். தமிழில் இதற்குப் புதுச்சொல் செய்ய வேண்டியதில்லை. சல்லடைக்கும் தேங்காய்க்கும் மதகுக்கும் கண் உண்டு, வலைக்கும் கண்தான். ஆக, வலைக்கண் அளவு. ‘கண்ணி அளவு’ என்றும் எழுதுகிறார்கள். கண்ணி என்றால் காடைக்கு வைக்கும் சுருக்குதான் நினைவுக்கு வரும் என்பதால் எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை.

ஒரு கண்ணை எதிரெதிர் முடிச்சில் பிடித்து விறைப்பாக இழுத்தால் வரும் நீளமே பெரும்பாலும் அளவு. 40 மி.மீ. கண் என்றால் ஒரு பக்கம் சுமார் 20 மி.மீ.தான். பக்கத்தை மட்டும் அளந்து சொல்பவர்களும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரி அணையில் கட்லா, ரோகு பிடிக்கப் போடுவது செவுள் வலை. மீன் தலையை நுழைக்கும். பின்வாங்கும்போது செவுள் மாட்டிக்கொள்ளும். குஞ்சு தப்பிவிடும், ரொம்பப் பெரிய கட்லாவுக்குத் தலையே நுழையாது. அதாவது கண்ணின் அளவுக்கு ஏற்ற மீன்தான் மாட்டும்.

கடலில் விசைப்படகு இழுக்கும் ட்ரால் வலை அப்படியல்ல. இழுப்பது என்ற பொருளுள்ள டச்சுச் சொல்லோடு ட்ரால் என்பதற்கு உறவு சொல்வார்கள், தமிழில் இழுவலை. அதன் வால்பக்கப் பைக்கு மடி என்று பெயர். வாய்ப்பக்கம் கண் பெரிதாக இருந்தாலும் மீன் சேர்வது மடியில், அதனால் மடிக்கண்தான் கணக்கு. இங்கே பெரிய மீனுக்கு விடுதலையே இல்லை. கண்ணில் நுழையும் சின்னதுக்கு மட்டும்தான் வழி.

அந்த வழியும் எப்போதும் திறந்திருக்காது. சாய்சதுரக் கண் உள்ள மடியை இழுக்கும்போது பாரம் ஏற ஏறக் கண்கள் நீளவாக்கில் நெருங்கி மூடிக்கொள்கின்றன. கரையில் அளந்தால் அளவு சரியாக இருக்கும், தண்ணீருக்குள் குஞ்சும் வெளியேற முடியாது. சதுரக்கண் மடி இழுத்தாலும் திறந்தே நிற்கும் என்பதால்தான் மீன்வள ஆய்வாளர்கள் அதைப் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் மீனின் உடம்புவாகும் சேர்ந்தே முடிவு செய்கிறது: உருண்டு நீண்ட மீன் அதில் எளிதாக நழுவும், காரல் மாதிரி தட்டையாக அகன்றது சிக்கும்.

இறாலுக்கான இழுவலையில்தான் சங்கடம் அதிகம். இறால் நழுவாதிருக்கச் சிறுகண் வேண்டும். அந்தக் கண்ணில் சங்கராக் குஞ்சும் தங்கிவிடும். கடலே இல்லாத கிருஷ்ணகிரிச் சந்தையில் விரல் நீளச் சங்கரா கூறுகட்டி விற்பதைப் பார்த்தால், அது எந்த மாதிரி மடியிலிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.