தோப்பி: பியருக்குத் தமிழில் இருக்கும் சொல்

போன மாதம் சிக்கிமில் ஒரு மூங்கில் குவளையை என் முன்னால் வைத்தார்கள். எட்டிப் பார்த்தால் உள்ளே ராகி! வேகவைத்துப் புளிக்கவிட்ட ராகியில் வெந்நீர் ஊற்றி, மூங்கில் குழலால் உறிஞ்ச வேண்டும். தோங்பா என்று பெயர். இளஞ்சூடு, லேசான புளிப்பு. கிருஷ்ணகிரியில் ராகிக் களி தின்று வளர்ந்தவனுக்கு அந்த வாசம் போதும், ஊர் வந்துவிடும். இந்த ராகி பியரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அன்றைக்கே தேட ஆரம்பித்தேன்.

பியர் என்ற ஆங்கிலச் சொல், குடித்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. தானியத்தைப் புளிக்கவைத்துச் செய்வது பியர். கள்ளுக்குத் தேவையான சர்க்கரை பாளையிலேயே ஊறிவிடும். தானியத்தில் இருப்பதோ மாவு. பியரில் அதைச் சர்க்கரையாக்குவது பெரும்பாலும் முளைதான். முளைவிட்டு உலர்ந்த அந்தத் தானியம்தான் மால்ட். காலையில் ராகி மால்ட் குடிக்கும் நம் ஊருக்கு இது தெரிந்த சொல்தான்.

பியரை மாச்சாராயம் என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. சாராயம் காய்ச்சி வடிப்பது, பியரை யாரும் வடிப்பதில்லை.

சரியான சொல் தோப்பி. "இல்லடு கள்ளின் தோப்பி பருகி" என்கிறது பெரும்பாணாற்றுப்படை. இல்லடு என்றால் வீட்டில் சமைத்த; தோப்பி, நெல்லால் ஆன கள். அதே பாட்டில் வேறோர் இடத்தில் அரிசிக் கள் செய்யும் முறையும் இருக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, நல்லடை கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிடுகிறார்கள். நல்லடை என்பது முளைநெல்லை இடித்துச் சேர்ப்பது என்று உரை சொல்கிறது. அதாவது மால்ட்! படித்தபோது சிலிர்த்துவிட்டது.

அகநானூற்றின் 35ஆம் பாட்டில் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, தோப்பிக் கள்ளும் செம்மறியும் படைக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வயலோரங்களில் நிற்கும் நடுகற்களை இப்போது பார்த்தாலும் அந்த வரிதான் ஞாபகம் வருகிறது.

அப்புறம், கிராஃப்ட் பியர் என்பதில் வரும் கிராஃப்ட். பழைய ஆங்கிலத்தில் அதற்கு வலிமை என்று பொருள். ஜெர்மனில் இன்றும் அதேதான். ஆங்கிலத்தில் அது கைத்திறனாக மாறியது. ஆகவே கிராஃப்ட் பியரைக் கைவினைத் தோப்பி எனலாம். சிறிய அளவில், ஆள் பக்கத்தில் நின்று பக்குவம் பார்த்துச் செய்வது என்ற பொருள் அதில் வந்துவிடுகிறது.

பெங்களூரு இந்திராநகரின் டாய்ட் மதுக்கூடத்தில் குடித்தது கோதுமைத் தோப்பி. கலங்கலாக, வாழைப்பழமும் கிராம்பும் மணந்தது. இரண்டையும் போடுவதில்லை, ஈஸ்ட் தரும் மணம் அது. ஓசூர் நண்பனிடம் இதே சொல்லில்தான் சொன்னேன். அவன் பொருள் கேட்கவில்லை.

"ராகித் தோப்பி இருக்காடா?" என்றுதான் கேட்டான்.