கண்டவர், தோண்டியவர், அறிவித்தவர்: தொல்லியல் கண்டுபிடிப்பின் பெருமை யாருக்கு?

எழும்பூர் அரசு அருங்காட்சியக வளாகத்தில், இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்த சர் ஜான் மார்ஷலுக்குச் சிலை அமைக்க 2025 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. சிந்துவெளி நாகரிகம் உலகுக்கு அறிவிக்கப்பட்டதன் நூற்றாண்டை ஒட்டி எடுக்கப்பட்ட அந்த முடிவை மனமார வரவேற்கிறேன். ஆனால் அதன் பிறகு என்னிடம் பேசிய மாணவர்களில் பலர், மொகஞ்சதாரோவை மார்ஷலே நேரில் நின்று தோண்டிக் கண்டுபிடித்தார் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அகழாய்வுக் களப் பதிவுகளையும் அருங்காட்சியகப் பதிவேடுகளையும் ஒழுங்குபடுத்துவதே என் தொழில். இந்தத் தவறான எண்ணம் எப்படி உருவாகிறது, அதனால் நாம் எதை இழக்கிறோம் என்பதை அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

1924 செப்டம்பர் 20 அன்று ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ இதழில் வெளிவந்த மார்ஷலின் கட்டுரையே அந்த அறிவிப்பு. ஹரப்பாவில் 1921-இல் அகழாய்வு நடத்தியவர் அவருடைய துறையைச் சேர்ந்த தயாராம் சாஹ்னி. மொகஞ்சதாரோவில் 1922-இல் தொடங்கியவர் அதே துறையின் ஆர்.டி. பானர்ஜி. அவர்களுக்கு முன்னும் அந்த மேடுகளைக் கண்டவர்கள் உண்டு. சார்லஸ் மேசன் 1829-இலேயே ஹரப்பாவைப் பார்த்துக் குறிப்பெழுதினார். அலெக்சாண்டர் கன்னிங்காம் அங்கே கிடைத்த ஒரு முத்திரையை 1875-இல் படத்துடன் வெளியிட்டார். ஆனால் அது இந்தியாவுக்கு வெளியிலிருந்து வந்தது என்று முடிவு கட்டினார். லாகூர் – முல்தான் இருப்புப் பாதைக்காக ஹரப்பாவின் செங்கற்கள் வண்டி வண்டியாகப் பெயர்த்துச் செல்லப்பட்டன. மொகஞ்சதாரோவை 1911–12-இல் பார்வையிட்ட டி.ஆர். பண்டார்கர், அந்தச் செங்கற்கள் ஏறத்தாழ 200 ஆண்டுப் பழமையுடையவையே என்று எழுதிவிட்டுத் திரும்பினார். ஆகவே முதலில் பார்த்தவருக்கே பெருமை என்ற வாதம் நிற்காது. பார்த்ததன் பொருளை உணர்ந்தவருக்கும், உணர்ந்ததைப் பிறர் சோதித்துப் பார்க்கும்படி வெளியிட்டவருக்கும் தனித்தனியே உரிமை உண்டு.

மார்ஷலின் பங்கு இங்கேதான் வருகிறது. ஏறத்தாழ 600 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு களங்களின் பொருள்களையும் 1924-இல் சிம்லாவுக்கு வரவழைத்து, ஒன்றாக வைத்து ஒப்பிட்டு, இவை ஒரே நாகரிகத்தின் எச்சங்கள் என்று அவர் துணிந்து அறிவித்தார். அந்தப் படங்களைப் பார்த்த ஏ.எச். சேஸ் என்ற அறிஞர் ஒரே வாரத்தில் அதே இதழுக்குக் கடிதம் எழுதி, மேற்காசிய முத்திரைகளோடு இவற்றுக்கு உள்ள ஒற்றுமையைச் சுட்டிக்காட்டினார். காலத்தைக் கணிக்கும் வழி அதனால் திறந்தது. கட்டுரை வெளிவராமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அதே வேளையில், மொகஞ்சதாரோவின் தொன்மையை உணர்ந்த பெருமை பானர்ஜிக்கு உரியது என்று 1931-இல் வெளிவந்த தம் பெருநூலில் மார்ஷலே எழுதியிருக்கிறார். அதைப் படிக்கப் பானர்ஜி உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே, 45 வயதில், காலமாகிவிட்டார். நன்றியுரை நூலில் இருக்க, பாடப்புத்தகங்களில் சுருக்கம் மட்டுமே ஏறியது. சிலையின் பீடத்தில் சாஹ்னி, பானர்ஜி ஆகிய இருவரின் பெயர்களும் மார்ஷலின் பெயருக்குச் சமமான எழுத்தளவில் பொறிக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சென்னைக்கு வருவோம். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்தே தொடங்குகிறது. நிலவியல் துறையில் பணியாற்றிய அவருடைய கண்ணுக்கே அது மனிதக் கை செதுக்கிய கல் என்று தெரிந்தது; அந்தப் பெருமையில் யாரும் பங்கு கேட்க முடியாது. ஆனால் அது சரளைக்காக வெட்டப்பட்ட ஒரு சிறு குழியிலிருந்து வெளியே போடப்பட்ட கற்களுக்கிடையே கிடந்தது. குழி வெட்டிய கூலியாட்கள் இல்லையென்றால் கல் வெளிச்சத்துக்கு வந்திருக்காது. அவர்கள் யார் என்று ஒரு சொல்கூட எங்கும் இல்லை.

இன்றைய களங்களிலும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. அகழாய்வுக் குழியில் பழகிய தொழிலாளி ஒருவர் கரணையால் மண்ணைச் சுரண்டிக்கொண்டே வருவதை அருகிலிருந்து பார்த்தால், கண்டுபிடிப்பு என்பது எந்த நொடியில் நிகழ்கிறது என்று புரியும். மண்ணின் நிறம் விரற்கடை அளவு மாறினாலோ, சுரண்டும் ஓசை சற்றே வேறுபட்டாலோ கை தானாக நின்றுவிடும். பிறகுதான் மேற்பார்வையாளரை அழைப்பார். அந்தக் கை நிற்காமல் போனால், மணியோ காசோ பாண்டுச் சட்டியில் ஏறிவிடும். பின்னர் சல்லடையில் தப்பிக் கிடைத்தாலும், எந்த ஆழத்தில் எதன் அருகில் கிடந்தது என்ற செய்தி போய்விடும். இத்தனைக்கும் பிறகு அந்தப் பொருளோடு பையில் போடப்படும் சிட்டையில் இடம், குழி எண், மண்ணடுக்கு, ஆழம், தேதி, பதிவு செய்தவரின் சுருக்கொப்பம் ஆகியவை இருக்கும். எடுத்தவரின் பெயருக்கு இடமே இருக்காது. நான் கையாண்ட சிட்டைகளில் மிகப் பெரும்பாலானவை இப்படிப்பட்டவையே.

கீழடியைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் மத்திய அரசா, மாநில அரசா என்ற கேள்வியிலேயே முட்டி நிற்கிறது. 2014-இல் இந்தியத் தொல்லியல் துறையின் சார்பில் அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் பணி தொடங்கியது, 2018-இல் நான்காம் கட்டத்திலிருந்து தமிழ்நாடு தொல்லியல் துறை பொறுப்பேற்றது, 353 செ.மீ. ஆழத்தில் எடுக்கப்பட்ட மாதிரி பொது ஆண்டுக்கு முன் (பொ.ஆ.மு.) 580 எனக் காலம் கணிக்கப்பட்ட செய்தி 2019-இல் வெளிவந்தது. இவை அனைத்தும் பதிவாக வேண்டியவையே. ஆனால் 1970-களிலேயே ஊரில் கிடைத்த பழம்பொருள்களை மாணவர்கள் வழியாக அறிந்து துறைக்குத் தெரிவித்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். அகழாய்வு நடந்ததோ தனியாருடைய தென்னந்தோப்புகளில். தோப்பைத் தோண்ட விட்டுக்கொடுத்த குடும்பங்கள் இசையாதிருந்தால் ஒரு குழியும் போட்டிருக்க முடியாது. அரசியல் மேடைகளில் இவர்களை யாரும் நினைவுகூர்வதாகத் தெரியவில்லை.

இதை வெறும் மரியாதைப் பிரச்சினையாக நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வாணம் தோண்டும்போதோ கிணறு தூர்வாரும்போதோ பழம்பொருள் கிடைத்தவர்களுக்கு, சொன்னால் அலைச்சல்தான் மிஞ்சும், பெயர்கூட வராது என்ற எண்ணம் இருந்தால் பொருள் மறைக்கப்படும். செம்பு பழைய பாத்திரக் கடைக்கும் பொன் பட்டறைக்கும் போய்ச் சேரும். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது. மண்ணில் புதைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதுவும் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் எவரும் இல்லையென முடிவானால், வேறு உடன்பாடு இல்லாதபோது, நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கும் ஒரு பங்கு நிலத்துக்காரருக்கும் சேரும். அரசே அதை எடுத்துக்கொண்டால், பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துத் தர வேண்டும். மறைத்தால் பங்கு பறிபோவதுடன் ஓராண்டு வரை சிறையும் கிடைக்கலாம். இந்தச் சட்டத்தின் குறை, அது பொருளின் மதிப்பை மட்டுமே கணக்கிடுகிறது என்பதே. தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துப் பொறித்த ஒரு பானை ஓட்டை எடைக்குப் போட்டால் எதுவும் தேறாது. வரலாற்றுக்கோ அது ஒரு பொற்காசுக் குவியலைவிட முக்கியமானது. அதைக் கொண்டுவந்து தருபவருக்கு நாம் கொடுக்கக்கூடியது அவருடைய பெயரைப் பதிந்து வைப்பது ஒன்றுதான்.

எனவே வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஏதேனும் தென்பட்டால் வேலையை நிறுத்திவிட்டு, பொருளை எடுக்காமல், பக்கத்தில் ஓர் அளவுகோலையோ பேனாவையோ வைத்துப் படம் எடுங்கள். ஆழத்தையும் சர்வே எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். செப்புத் திருமேனியைப் புளி போட்டுத் துலக்காதீர்கள். பல நூற்றாண்டுகளில் படிந்த மேற்பூச்சோடு ஆய்வுக்கான தடயங்களும் போய்விடும். கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியர் வழியாக ஆட்சியருக்கு மனுவாகவே எழுதிக் கொடுங்கள். கண்டவர் பெயர், கூட இருந்த வேலையாட்களின் பெயர், நிலத்துக்காரர் பெயர் எல்லாம் அதில் இருக்கட்டும். நகலில் தேதியுடன் ஒப்புகை பெறாமல் திரும்பாதீர்கள். பின்னாளில் அருங்காட்சியகப் பதிவேட்டில் பெயர் விடுபட்டாலும், அந்த ஒரு தாளை வைத்துத் திருத்தம் கோரலாம்.

களத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. தொழிலாளர்களின் பெயர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. கூலி வழங்குவதற்கான வருகைப் பதிவேட்டில் நாள்தோறும் கையெழுத்தோடும் கைநாட்டோடும் அவை இருக்கின்றன. கணக்குத் தணிக்கை முடிந்து காலக்கெடு கடந்ததும் அந்தப் பதிவேடு கழிவுத் தாளாகிவிடுகிறது. குழியின் வரைபடம் மட்டும் நிரந்தர ஆவணமாகிறது. பெயர்ப் பட்டியலை அகழாய்வு அறிக்கையின் பின்னிணைப்பாகச் சேர்க்க ஒரு சில பக்கங்கள் போதும். அடுத்த பருவத்துக்கான சிட்டைகளை அச்சுக்குக் கொடுக்கும்போது, ஆழத்துக்கும் தேதிக்கும் கீழே ‘எடுத்தவர்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.