சிங்கப்பூரில் விமானம் மாறும் நேரத்தில் ஊர் சுற்றலாமா?

கோபி, பெருந்துறை, பொள்ளாச்சிப் பக்கமிருந்து பேரன் பேத்தியைப் பார்க்க ஆஸ்திரேலியா கிளம்புகிறவர்களில் பலரும் கோவையில் ஏறி, சிங்கப்பூரில் இறங்கி, அங்கிருந்து வேறு விமானம் பிடிக்கிறார்கள். திருப்பூரிலிருந்து பையரை, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டு வியாபாரியைப் பார்க்கப் போகிறவர்களும் அப்படித்தான். நடுவில் ஆறு மணி நேரம், ஒன்பது மணி நேரம் என்று இடைவெளி விழும். “அத்தன நேரமும் அங்கயே உக்கோந்துட்டிருக்கோணுமுங்களா?” என்று டிராவல்ஸில் கேட்டால், பெரும்பாலும் “விசா இல்லாம வெளிய உட மாட்டாங்க” என்ற ஒரே பதில்தான் வரும். அது பாதிதான் சரி. வெளியே போகும் உரிமை நிறையப் பேருக்கு ஏற்கெனவே இருக்கிறது.

இந்திய பாஸ்போர்ட்காரர்கள் சிங்கப்பூருக்குள் நுழைய விசா வேண்டும் என்பது பொது விதி. அதற்குச் சிங்கப்பூர் அரசு ஒரு விலக்கு வைத்திருக்கிறது. வேறொரு நாட்டுக்குப் போகும் வழியிலோ அங்கிருந்து திரும்பும் வழியிலோ சிங்கப்பூரில் இறங்குகிறவர்கள், விசா இல்லாமலே 96 மணி நேரம் வரை ஊருக்குள் இருந்துவிட்டுப் போகலாம். வி.எஃப்.டி.எஃப் (விசா இல்லா ட்ரான்சிட் வசதி) என்று அதைச் சுருக்கமாகச் சொல்கிறார்கள். முன்கூட்டியே விண்ணப்பம், கட்டணம் எதுவும் கிடையாது. ஆனால் நிபந்தனை உண்டு. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய எட்டு நாடுகளில் ஏதாவது ஒன்றின் விசாவோ நீண்டகாலத் தங்கும் அனுமதியோ உங்களிடம் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஒரு மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும். 96 மணி நேரத்துக்குள் கிளம்பும் உறுதியான டிக்கெட்டும் கையில் இருக்க வேண்டும்.

ஆக, மகளைப் பார்க்க மெல்போர்ன் போகும் அம்மாவின் ஆஸ்திரேலிய விசாவே அவருக்குச் சிங்கப்பூரையும் திறந்துவிடுகிறது. ஆனால் ஆஸ்திரேலிய விசா பாஸ்போர்ட்டில் ஒட்டி வருவதில்லை, மின்னஞ்சலில் கடிதமாகத்தான் வரும். அந்தக் கடிதத்தை அச்செடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் இருக்கிறது, மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள் என்பதெல்லாம் கவுண்டருக்கு முன்னால் சார்ஜ் தீர்ந்து நிற்கும்போது உதவாது.

ஐரோப்பா போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா எல்லாம் ஒன்றுதானே என்று நினைக்க வேண்டாம். பட்டியலில் இருக்கும் ஷெங்கன் நாடுகள் ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் மட்டுமே. கண்காட்சிக்காக ஜெர்மன் தூதரகத்தில் விசா வாங்கிய கரூர் ஏற்றுமதியாளருக்கு இந்தச் சலுகை பொருந்தும். அதே ஷெங்கன் விசாவைப் பிரான்ஸோ இத்தாலியோ கொடுத்திருந்தால் பொருந்தாது.

வரும்போது இன்னொரு சிக்கல். ஆறு மாதம் இருந்துவிட்டு, விசா முடிய நாலு நாள் இருக்கும்போது ஊர் திரும்புகிறவர்கள் நம்மில் அதிகம். அந்த ஒரு மாதக் கணக்கு அவர்களுக்கு இடிக்கும். அதனால் வேடிக்கை பார்ப்பதைப் போகும் வழியிலேயே வைத்துக்கொள்வது நல்லது. வரும்போது உடம்பும் அலுத்துப் போயிருக்கும். எல்லாம் சரியாக இருந்தாலும் கடைசியில் முடிவு செய்வது குடிநுழைவு அதிகாரிதான். எங்கே போகிறீர்கள், எப்போது விமானம் என்று கேட்டால் டிக்கெட்டைக் காட்டிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்.

அப்புறம், சிங்கப்பூர் அரசின் எஸ்.ஜி. வருகை அட்டை (SG Arrival Card). வெளியே போகிறவர்கள் எல்லோரும் வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இதை இணையத்தில் நிரப்ப வேண்டும். இது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் அல்ல, மூடிவிடுங்கள். பாஸ்போர்ட்டில் இப்போது முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் இருக்கலாம் என்ற விவரம், அட்டையில் கொடுத்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். ஆகவே நீங்கள் திறந்து பார்க்கக்கூடிய முகவரியைக் கொடுங்கள்.

எட்டு நாட்டு விசா எதுவும் இல்லாமல் வியட்நாமோ பாலியோ போகிறவர்கள் சிங்கப்பூர் விசாவையே வாங்க வேண்டியதுதான். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். கிடைக்காவிட்டால் அது திரும்பி வராது. நாலு மணி நேர இடைவெளிக்கு இது தண்டச் செலவு. ஒரு பகல் முழுக்க இருந்தால் யோசிக்கலாம்.

சாங்கி விமான நிலையத்தில் ‘ஃப்ரீ சிங்கப்பூர் டூர்’ என்று ஒன்று உண்டு. விமான நிலையமும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் அந்நாட்டுச் சுற்றுலா வாரியமும் சேர்ந்து நடத்துவது. இரண்டரை மணி நேரம், பஸ், வழிகாட்டி, எல்லாம் இலவசம். இடைவெளி ஐந்தரை மணி நேரத்துக்குக் குறையாமலும் 24 மணி நேரத்துக்கு உட்பட்டும் இருக்க வேண்டும். இணையத்தில் முன்பதிவு செய்யலாம், இடமிருந்தால், விமானம் மாறுகிறவர்கள் காத்திருக்கும் ட்ரான்சிட் பகுதியிலுள்ள கவுண்டரிலும் பெயர் கொடுக்கலாம். இரண்டு இடத்தில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். ஒன்று, டூர் இலவசம் என்றால் விசாவும் சேர்த்து என்று நினைப்பது. அப்படி இல்லை, மேலே சொன்ன தகுதி இதற்கும் வேண்டும். இரண்டாவது, முதலிலேயே குடிநுழைவு தாண்டி வெளியே வந்துவிட்டு டூர் எங்கே என்று தேடுவது. பதிவுக் கவுண்டர் உள்ளே இருக்கிறது. பதிவு செய்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும்.

வயதானவர்களுக்கு நான் இந்த டூரைத்தான் சொல்வேன். திரும்பக் கொண்டுவந்து விடுவது அவர்கள் பொறுப்பு. தனியாகப் போகிறவர்கள் மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷனான எக்ஸ்போவில் இறங்கி, டவுன்டவுன் லைனுக்கு மாறினால் நேராக லிட்டில் இந்தியா. சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில், தேக்கா மார்க்கெட், வாழையிலைச் சாப்பாடு. காந்திபுரத்தில் கிடைப்பதைத் தின்ன சிங்கப்பூர் எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. சைனா டவுன் பக்கம் போங்கள், 1827-ல் தொடங்கிய மாரியம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது.

நேரக் கணக்கு இப்படிப் போடுங்கள். இறங்கி வெளியே வர ஒரு மணி. ஊருக்குள் போக ஒன்று, வர ஒன்று. விமானம் கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பே திரும்பிவிட வேண்டும். ஏழு மணி நேரத்தில் மிச்சம் இரண்டுதான். ஆறுக்குக் கீழே என்றால் தனியாகக் கிளம்பாதீர்கள். வாட்சில் நம்மூர் நேரம் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பீர்கள். நள்ளிரவு வாக்கில் மெட்ரோ நின்றுவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பெட்டி விஷயம் எல்லாவற்றையும்விட முக்கியம். கோவையில் பெட்டியில் கட்டும் டேக்கைப் பாருங்கள். போய்ச் சேரும் ஊரின் மூன்றெழுத்து இருக்கிறதா? சிட்னி என்றால் எஸ்.ஒய்.டி. எஸ்.ஐ.என் மட்டும் இருந்தால் பெட்டி சிங்கப்பூரோடு நிற்கும். மலிவு என்று இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாகப் போட்டால் பெரும்பாலும் இதுதான் நடக்கும். அப்போது பெட்டியை எடுக்கவே குடிநுழைவு தாண்ட வேண்டும், சலுகைக்குத் தகுதி இல்லாதவர் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

துபாய், அபுதாபி, ஷார்ஜா வழியாகப் போகிறவர்களுக்கும் 48 மணி நேர ட்ரான்சிட் விசா உண்டு, அதற்கு அரசுக் கட்டணம் இல்லை. 96 மணி நேரத்துக்கு 50 திர்ஹாம். ஆனால் அங்கே இறங்கிக் கேட்க முடியாது. அமீரக விமான நிறுவனத்தின் மூலமாகத்தான், புறப்படும் முன்பே வாங்க வேண்டும். திருச்சி போய்க் கோலாலம்பூர் விமானம் பிடிக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்: 2026 டிசம்பர் 31 வரை மலேசியாவுக்கு நமக்கு விசாவே வேண்டாம், இணையத்தில் வருகை அட்டை நிரப்பினால் போதும். பத்துமலை முருகனைப் பார்த்துவிட்டு வர எட்டு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். 272 படி ஏற வேண்டும், சென்னிமலையில் ஏறிப் பழகியவர்களுக்கு அது பெரிதல்ல.

கைப்பையில் என்ன இருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நம்மூரில் சாதாரணமான சில பொருள்களை அங்கே கொண்டுபோனால் குற்றமாகும். மகளுக்கென்று அரைத்த மசாலாவோடு போகும் கசகசா சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் தடைசெய்யப்பட்டது. மெல்லும் புகையிலை, சூயிங்கம், இ-சிகரெட் மூன்றையும் சிங்கப்பூருக்குள் கொண்டுபோகக் கூடாது. சாதாரண சிகரெட் என்றால் ஒரு பாக்கெட்டுக்கும் வரி கட்ட வேண்டும்.