பர்வீன்: பாரசீகத்துக் கார்த்திகை

பர்வீன் பாரசீகப் பெயர். ஈரானியர் பெயர்களில் 'பர்வின்' என்றும் எழுதுவதுண்டு. ரிஷப ராசியில் கொத்தாகத் தெரியும் கார்த்திகை விண்மீன் கூட்டத்துக்குப் பாரசீகர் வழங்கும் பெயர் அது. பெண்ணுக்கும் அதையே சூட்டினார்கள்.

ஆகவே இப்பெயருக்கு நேரான தமிழ்ச்சொல் கார்த்திகைதான். அதற்கும் பழைய சொற்கள் சங்க இலக்கியத்தில் உண்டு. வெறுங்கண்ணுக்கு ஆறு மீன்கள் தெரிவதால் அறுமீன், மற்றொன்று ஆரல்; அது 'ஆஅல்' என்றும் வரும். முசுண்டைக் கொடி வெண்மையாகப் பூத்து விரிந்திருப்பதை 'அகலிரு விசும்பின் ஆஅல் போல' என்கிறது மலைபடுகடாம். கார்த்திகை மாதத்தில் இருட்டியதும் கிழக்கே நிமிர்ந்து பார்ப்பவர்களுக்கு அந்த உவமையின் அழகு விளங்கும்.

அரபியர் இதே கூட்டத்தை 'துரய்யா' என்றார்கள். உருதுவில் அது சுரையா. பர்வீன், சுரையா, கிருத்திகா மூன்றும் ஒரே மீன்கூட்டத்தின் பெயர்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இப்பெயருக்குப் பெரும்புகழ் சேர்த்தவர் ஈரானியக் கவிஞர் பர்வின் எத்தெசாமி. 1907இல் தப்ரீஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ரக்‌ஷந்தே, அதாவது 'ஒளிர்பவள்'. பர்வின் கவிதைக்காக வந்த பெயர். 1941இல் 34 வயதிலேயே மறைந்தார். கோம் நகரில் உள்ள அவர் கல்லறைக்கான கவிதையை அவரே எழுதி வைத்திருந்தார். 'கரிய மண்ணைத் தலையணையாகக் கொண்ட இவள், இலக்கிய வானின் விண்மீன் பர்வின்' என்று அது தொடங்குகிறது. தன் பெயரின் பொருளை இவ்வளவு துணிவோடு கையாண்ட கவிஞர்கள் குறைவு.

முகலாயர் அரசவையில் பாரசீகமே கோலோச்சியது. அதன் சொல்வளத்தை உருது அள்ளிக்கொள்ள, துணைக்கண்டம் முழுவதும் பர்வீன் பரவியது. கராச்சியில் 1952இல் பிறந்த உருதுக் கவிஞர் பர்வீன் ஷாகிர், அசாமில் பிறந்த இந்துஸ்தானிப் பாடகி பர்வீன் சுல்தானா ஆகியோரை இசையும் கவிதையும் அறிந்தவர்கள் அறிவார்கள். தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பாலும் இன்னொரு பெயருக்குப் பின்னால் சேர்ந்து வரும்.

சில பெயர்ப் பட்டியல்களில் இதற்குத் 'திறமைசாலி' என்று பொருள் தருகிறார்கள். அது தவறு. அந்தப் பொருள் பிரவீண் என்ற சமஸ்கிருதச் சொல்லுக்கு உரியது. நம் பிரவீணாவும் அதிலிருந்து வந்ததே. பஞ்சாப், ஹரியாணா பக்கம் 'பிர' என்ற தொடக்கம் 'பர்' ஆகிவிடும். அங்கே பர்வீன் என்ற பெயரில் ஆண்களைக் காண்பது அதனால்தான். அவர்களுக்கும் விண்மீனுக்கும் தொடர்பில்லை.