மஸ்டாங்கை எதற்குப் பழக்கலாம்?

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மேய்ப்பார் இல்லாமல் திரியும் குதிரைகளை மஸ்டாங் என்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கொண்டுவந்த குதிரைகளின் வழிவந்தவை என்று சொல்வது வழக்கம். அது பாதிக் கதைதான். பண்ணைகளிலிருந்து தப்பியவை, வண்டி இழுத்த கனத்த குதிரைகள், ராணுவத்துக்குக் குதிரை வேண்டும் என்று பண்ணைகளுக்குக் கொடுக்கப்பட்ட தரோபிரெட் எனும் பந்தய இனப் பொலிகுதிரைகள் என எல்லா ரத்தமும் அதில் கலந்திருக்கிறது. ஆரிகனின் கைகர் மந்தை, மொன்டானா எல்லையில் உள்ள ப்ரையர் மலை மந்தை போன்ற சிலவற்றில்தான் ஸ்பானியச் சாயல் அழுத்தமாகத் தெரியும். அதனால் “மஸ்டாங் டிரெஸ்ஸாஜுக்கு (நுணுக்கமான நடைகளையும் அசைவுகளையும் பழக்கும் சவாரிக் கலை) சரிவருமா?” என்று யாராவது கேட்டால், “எந்த மஸ்டாங்?” என்று திருப்பிக் கேட்பதுதான் முறை.

1971-இல் வந்த சட்டம் இந்தக் குதிரைகளைப் பாதுகாக்கிறது. மந்தை பெருகினால் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை ஒரு பகுதியைப் பிடித்துவந்து, பட்டியில் அடைத்து, வளர்க்க விரும்புவோருக்குத் தருகிறது. அங்கேதான் சிக்கல். ஏறிப் பார்க்க முடியாது, பெரும்பாலும் தொட்டுக்கூடப் பார்க்க முடியாது. கழுத்தின் இடது பக்கத்தில் குளிர்முத்திரையாக, அதாவது கடுங்குளிர் இரும்பால், பதித்த குறியீடு பிறந்த ஆண்டைச் சொல்லும். வளர்ந்தபின் பிடிபட்டதென்றால் அதுவும் பல்லைப் பார்த்துப் போட்ட கணக்குதான். மீதியை வேலிக்கு வெளியே நின்று கண்ணால்தான் அளக்க வேண்டும்.

சதையைப் பார்த்து ஏமாறக் கூடாது. நாலு மாதம் நல்ல தீனி கிடைத்தால் சதை மாறிவிடும். வளர்ந்த குதிரையின் எலும்புக் கோணங்கள் மாறாது. குதிரை பக்கவாட்டில் நிற்கும்போது முன்காலின் முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறது, பின்காலின் மேல்மூட்டு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். முழங்கை சற்று மேலே இருந்தால் உடல் முன்பக்கம் ஏறிய வாட்டம். கீழே இருந்தால் இறங்கிய வாட்டம்.

இது ஏன் முக்கியம்? சும்மா நிற்கும் குதிரையின் எடையில் கிட்டத்தட்ட 60 சதவீதம் முன்கால்களில்தான் விழுகிறது. தலையும் நீண்ட கழுத்தும் அந்தப் பக்கம் இருக்கின்றனவே! டிரெஸ்ஸாஜ் என்பது, ஒரு வகையில், அந்தப் பாரத்தைப் பின்னங்கால்களுக்கு மாற்றக் கற்றுக்கொடுக்கும் கலை. முன்பக்கம் ஏறிய வாட்டமுள்ள குதிரைக்கு அது எளிது. இறங்கிய வாட்டமுள்ளதற்கு ஒவ்வோர் அடியும் மேட்டில் ஏறுகிற வேலை. ஆரம்பப் பாடங்களைச் செய்துவிடும், உயர்நிலைக்குப் போனால் முதுகும் பின்கால் மூட்டும் வலிக்கத் தொடங்கும். அதே குதிரை மாட்டை மந்தையிலிருந்து பிரிக்கும் வேலையில் கெட்டிக்காரனாக இருக்கலாம். அங்கே முன்பக்கம் தணிந்திருப்பது பெரிய குறை இல்லை.

தடை தாண்டும் போட்டியில் உயரமும் சேர்ந்துகொள்கிறது. மஸ்டாங்குகள் பெரும்பாலும் 14 கை, அதாவது 142 சென்டிமீட்டர் சுற்றுவட்டாரம்தான். போட்டிக் களத்தில் இரண்டு தடைகளுக்கு நடுவிலான தூரத்தை, ஒரு பாய்ச்சலுக்கு ஏறக்குறைய 3.6 மீட்டர் என்று கணக்கு வைத்து அமைப்பார்கள். குட்டைக் குதிரைக்கு அவ்வளவு நீளமான பாய்ச்சல் வராது. இடையில் ஒரு பாய்ச்சல் கூட்டிப் போட வேண்டிவரும். தாண்டும் திறமை இருந்தும் நேரத்தில் தோற்கும். சிறிய களங்களில் இந்தப் பிரச்சினை இல்லை.

மஸ்டாங்குக்கு என்றே அமைந்தது போலத் தோன்றுவது நெடுந்தூர ஓட்டம். கலிஃபோர்னியாவில் 1955 முதல் நடக்கும் டெவிஸ் கோப்பையில் 24 மணி நேரத்துக்குள் 160 கிலோமீட்டர் மலைப்பாதையைக் கடக்க வேண்டும். வழியில் மருத்துவர்கள் நிறுத்தி நாடியைப் பார்ப்பார்கள். நிமிடத்துக்கு 60, 64 என்று இறங்கினால்தான் மேலே விடுவார்கள். நாடி இறங்க உடல் குளிர வேண்டும். சிறிய, ஒல்லியான உடலில் எடைக்கு ஏற்றபடி தோலின் பரப்பு அதிகம் என்பதால் சூடு சீக்கிரம் வெளியேறும். கற்காட்டில் நடந்தே தேய்ந்து இறுகிய குளம்பு இன்னொரு பலம். அங்கும் அரபுக் குதிரைகளின் ஆதிக்கம்தான். ஆனால் உடல்கணக்கைப் பார்த்தால் மஸ்டாங் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

இதில் நடையும் உண்டு. சில மஸ்டாங்குகள் ட்ராட் (குறுக்குக் கால்கள் ஜோடியாக நகரும் துள்ளுநடை) போடாமல் ஒரே பக்கத்து இரண்டு கால்களையும் அடுத்தடுத்து எடுத்துவைத்து வழுக்கிக்கொண்டு போகும். இத்தகைய நடைகளுக்குப் பின்னால் டி.எம்.ஆர்.டி.3 என்ற மரபணுவின் ஒரு மாற்றம் இருப்பதை 2012-இல் கண்டுபிடித்தார்கள். உட்கார்ந்திருப்பவருக்குக் குலுங்காது, காட்டுப்பாதைக்கு அருமை. ஆனால் ட்ராட்டை வைத்து மதிப்பெண் போடும் போட்டிக்கு அதைக் கூட்டிப்போவதில் அர்த்தமில்லை.

குணத்தைப் பொறுத்தவரை, மிரளுமா என்று பார்ப்பது வீண், எல்லாமே மிரளும். பட்டிக்கு அருகே ஒரு வண்டிக் கதவு அறையும்போது, எது முதலில் திரும்பி வைக்கோலுக்கு வருகிறது என்று கவனியுங்கள். நம்மூர்ச் சந்தையில் சுழி பார்ப்பதைவிட இது நம்பகமான சோதனை என்பேன்.

அப்புறம், ஏறுபவரின் எடை. சேணத்தையும் சேர்த்துக் குதிரையின் எடையில் 20 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான அளவுகோல். 400 கிலோ மஸ்டாங்குக்கு அது 80 கிலோ. மேற்கத்தியச் சேணமே 15 கிலோ வரும், மீதி 65 தான் உங்களுக்கு. தன் எடையை மறைத்துக்கொண்டு குதிரையின் குறைகளை எண்ணுபவர்கள் நிறைய.

இரண்டு வயதுக் குட்டி என்றால் மேலே சொன்ன வாட்டக் கணக்கை உடனே போடாதீர்கள். குட்டிகள் ஒரே சீராக வளர்வதில்லை. பின்பக்கம் முதலில் உயரும், முன்பக்கம் பிறகு எட்டிப்பிடிக்கும். வறண்ட நிலத்தில் அரைவயிற்றுக்கு மேய்ந்தது, நல்ல தீனி கிடைத்ததும் இன்னும் வளரக்கூடும். முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள், அதாவது எலும்பு வளரும் மென்மையான பகுதிகள், மூட ஐந்தரை, ஆறு வயதாகிவிடும். அதுவரை தாண்டவிடாமல், கையில் பிடித்து நடத்தி, லேசான காட்டுப்பாதைச் சவாரிக்குப் பழக்கலாம்.